நான்கு சீசன் கணக்கும் சம்பளக் கணக்கும்: காலேஜ் ஃபுட்பாலில் யார் முடிவு செய்வது?

தாமிரபரணி எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம், இன்று எழுதிவிடுகிறேன். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ஒருவர் எத்தனை வருஷம் ஆடலாம் என்பதையும், அவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்பதையும் எல்லோரும் தனித்தனியாகவே பேசுகிறோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. காசே கொடுக்காத காலத்தில் "ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன், அவ்வளவுதான்" என்ற விதி யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. ஆடினாய், படிப்பை முடித்தாய், கிளம்பு. இப்போது அந்தக் கூடுதல் ஒரு சீசன்தான் பல பையன்கள் வாழ்நாளிலேயே அதிகம் சம்பாதிக்கப்போகும் வருஷம். அதைக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடும் அமைப்பான என்சிஏஏ தானாக ஒரு விதி போட்டு மூடினால், அது விளையாட்டு விதி என்ற கணக்கில் வருமா, சம்பளத்தைத் தடுப்பது என்ற கணக்கில் வருமா?

டியாகோ பவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. நியூ மெக்சிகோவில் ஒரு ராணுவ ஜூனியர் காலேஜில் (இரண்டு வருஷப் படிப்புக் கல்லூரி) இரண்டு வருஷம், பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு வருஷம், 2024இல் வாண்டர்பில்ட். அந்த அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வாண்டர்பில்ட் சாய்த்தபோது குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், அவர்தான். நவம்பரில் என்சிஏஏ மேல் வழக்குப் போட்டார். ஜூனியர் காலேஜில் ஆடிய ஆட்டத்தை டிவியில் யாரும் காட்டவில்லை, அங்கே விளம்பரக் காசும் கிடையாது, அதை எப்படி என் நான்கில் சேர்ப்பீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. டிசம்பர் 18ஆம் தேதி டென்னசி கூட்டாட்சி நீதிபதி அவர் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். அதைப் பார்த்து, அவரைப் போலவே ஜூனியர் காலேஜ் வழியாக வந்து ஆட்டம் முடிய இருந்த மற்றவர்களுக்கும் ஒரு வருஷம் நீட்டித்துக் கொடுத்தது என்சிஏஏ. 2025இல் வாண்டர்பில்ட் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பத்து ஆட்டம் ஜெயித்தது, அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பைக்கான ஓட்டில் பவியா இரண்டாவதாக வந்தார். பழைய விதிப்படி என்றால் அந்த வருஷமே அவருக்கு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷ வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரம்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அதை ஆடுபவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் போட வேண்டும், சம்பளத்தையும் அதே மேசையில் பேச வேண்டும்.


மதுரைமல்லி எழுதியது:

அண்ணா, எனக்கு இந்த ஆட்டமே புதுசு. அமெரிக்கா வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, வீட்டுக்காரர் சனிக்கிழமை முழுக்க டிவி முன்னால். நான்கு சீசன், ஐந்து வருஷம் என்கிறீர்கள், ஆனால் ஒருத்தர் ஒன்பது வருஷம் ஆடினார் என்றும் கேள்விப்பட்டேன். ரெட்ஷர்ட் என்றால் என்ன? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.


தாமிரபரணி எழுதியது:

நல்ல கேள்வி மல்லி. ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்து வருஷம். அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். மிச்சம் இருக்கும் அந்த ஒரு வருஷம் அணியோடு பயிற்சி எடுத்துக்கொண்டு ஆடாமல் உட்காரலாம், அதைத்தான் ரெட்ஷர்ட் என்கிறார்கள். 2018இலிருந்து ஃபுட்பாலில் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த வருஷம் ரெட்ஷர்ட்டாகவே இருக்கும். பெரிய காயம் என்றால் விண்ணப்பம் போட்டு இன்னொரு வருஷம் வாங்கலாம். இதற்கெல்லாம் மேலே 2020 கோவிட் சீசனை யாருக்குமே கணக்கில் வைக்கவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது கேம் மெக்கார்மிக். 2016இல் ஆரெகனில் சேர்ந்தார், காலில் காயம் மேல் காயம், 2024இல் மயாமிக்காக ஆடியபோது ஒன்பதாவது வருஷம்.

வயதுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ் வைங்கி முதலில் பேஸ்பால் ஆடப் போய்விட்டுத் தாமதமாக ஃபுட்பாலுக்குத் திரும்பி, 2000ஆம் ஆண்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்காக ஹைஸ்மன் வாங்கியபோது வயது 28. "இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை பதினெட்டு வயதுப் பையனோடு மோதலாமா" என்று இன்று பதறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.


நாஷ்வில்_அப்பா எழுதியது:

சார், நீங்கள் எழுதியதை மரியாதையோடு மறுக்கிறேன். பவியா ஜெயித்த அலபாமா ஆட்டத்தில் இந்த ஊரே கோல்போஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டது, அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நான் வீட்டில் தினம் பார்க்கிறேன்.

என் மகன் பள்ளி அணியில் கிக்கர். ஏழு வயதிலிருந்து சாக்கர் ஆடிய கால், ஒன்பதாம் வகுப்பில் அவன் உதைத்ததைப் பார்த்துக் கோச் கூட்டிக்கொண்டு போனார். இப்போது பன்னிரண்டாவது. போன வருஷம் வரை ஒரு கல்லூரிக் கோச் வாரா வாரம் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார், திடீரென்று நின்றுவிட்டது. பிறகுதான் தெரிந்தது, போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) இருந்து ஆறாவது வருஷம் ஆடும் ஒரு கிக்கரை எடுத்திருக்கிறார்கள். ஒரு அணிக்குக் கிக்கர் எத்தனை பேர் வேண்டும்? ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். பவியா மாதிரி ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கூடுதல் வருஷம் வானத்திலிருந்து விழுவதில்லை, அது யாரோ ஒரு பதினேழு வயதுப் பையனின் இடம். அந்தப் பையன் கோர்ட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் அவனிடமிருந்து எதைப் பிடுங்கினார்கள் என்று காட்ட அவன் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

2025இலிருந்து ஒரு அணியில் 105 பேர்தான் என்று வேறு ஆக்கிவிட்டார்கள். முன்பு 85 பேருக்கு முழு உதவித்தொகை, அதற்கு மேல் வாக்-ஆன் என்று சொந்தக் காசில் படித்துக்கொண்டு சேர்ந்த பையன்கள் இருபது முப்பது பேர் இருப்பார்கள். இப்போது அந்தக் கதவும் பாதி சாத்தியாகிவிட்டது. நான்கு சீசன் என்பது எல்லோருக்கும் ஒரே அளவு சாதம் போடுகிற மாதிரி. சாப்பிட்டவர் எழுந்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும்.


வழக்குமன்றம் எழுதியது:

நாஷ்வில் சார், உங்கள் பந்திக் கணக்கை நீதிமன்றமும் கேட்டிருக்கிறது. விஸ்கான்சினில் நைசியர் ஃபோர்க்கரன் என்ற கார்னர்பேக். இரண்டாம் டிவிஷன் கல்லூரியில் இரண்டு வருஷம், விஸ்கான்சினில் இரண்டு வருஷம் ஆடியவர். 2025 பிப்ரவரியில் கீழ்க்கோர்ட்டில் பவியா போலவே ஜெயித்தார். ஜூலையில் சிகாகோவில் இருக்கும் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு மன்றம் அதைத் திருப்பிவிட்டது. ஆக ஒரே விதி டென்னசியில் செல்லாது, சிகாகோவில் செல்லும் என்கிற நிலை. ஆட்டக்காரர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஆட்டத் தகுதி மாறினால் எந்த விளையாட்டும் நடத்த முடியாது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு 2021 ஜூன் 21க்குப் போக வேண்டும். ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன நாள். நேரடி விஷயம் சின்னது, படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு உச்சவரம்பு போடக்கூடாது என்பது மட்டும்தான். ஆனால் வியாபாரப் போட்டியை முடக்கக்கூடாது என்கிற போட்டிச் சட்டத்தில் இவர்களுக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை என்று தெளிவாகிவிட்டது. சட்டத்துக்கு மேலே என்சிஏஏ இல்லை என்று நீதிபதி கவனா தனியாக எழுதியே வைத்தார். அடுத்த பத்தே நாளில், ஜூலை 1, என்ஐஎல் திறந்தது. பெயரையும் முகத்தையும் வைத்து ஆட்டக்காரர் சம்பாதிக்கலாம். கலிஃபோர்னியா 2019லேயே சட்டம் போட்டிருந்தது, மற்ற மாநிலங்களும் பின்னால் வர வேறு வழியில்லாமல் போனது.

தாமிரபரணி சொல்வதற்கு ஆதரவாக ஒரு பழைய வழக்கு உண்டு. மோரிஸ் கிளாரெட். 2002இல் ஒஹாயோ ஸ்டேட்டை சாம்பியன் ஆக்கிய முதல் வருஷப் பையன். பள்ளி முடிந்து மூன்று வருஷம் ஆகாமல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் சேர முடியாது என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார், கீழே ஜெயித்தார், 2004 மேயில் மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டமயோர், அப்போது உச்ச நீதிமன்றத்துக்கு வரவில்லை. காரணம் என்ன தெரியுமா? தொழிலாளர் சங்கத்தோடு கூட்டுப்பேரம் பேசி அமைத்த உறவில், வேலைக்கு யார் தகுதி என்பதும் பேரத்தில் அடங்கும், போட்டிச் சட்டம் அதில் நுழையாது. அதாவது என்எஃப்எல்லின் தகுதி வரம்பைக் காப்பாற்றியதே ஆட்டக்காரர் சங்கம் ஒன்று இருந்ததுதான். என்சிஏஏக்கு அந்தக் கேடயம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பையனும் ஒரு வக்கீலோடு போய் ஒரு வருஷத்தை உடைத்து எடுத்துக்கொண்டு வருகிறான்.


பழையசுவடி எழுதியது:

கேடயம் இல்லாமல் போனது தற்செயல் இல்லை. அவர்களே வேண்டாம் என்று தள்ளியது.

1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்பவர் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தால் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். அவர் ஊழியர் இல்லை, கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த ஐம்பதுகளில்தான் "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லை என்சிஏஏ எல்லா இடத்திலும் பரப்பியது. அதன் நிர்வாக இயக்குநராக 1951இலிருந்து 1987 வரை இருந்த வால்டர் பயர்ஸே பிற்பாடு, ஆட்டக்காரரை ஊழியர் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயத்தில்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தோம் என்று எழுதினார்.

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேரைத் தண்டித்திருக்கிறார்கள். ரெஜி புஷ் 2005இல் வாங்கிய ஹைஸ்மன் கோப்பையை 2010இல் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது, 2024இல்தான் திரும்பக் கிடைத்தது. ஒஹாயோ ஸ்டேட் பையன்கள் தங்கள் சொந்தப் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டதற்குத் தண்டனை, அந்த விவகாரத்திலேயே 2011இல் கோச் பதவியை விட்டுப் போனார். இன்று அதே கல்லூரிகள் நேரடியாகச் சம்பளப் பட்டுவாடா செய்கின்றன. அன்று தண்டனை அனுபவித்தவர்களுக்கு அந்த வருஷங்களை யார் கொடுப்பது? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.


நீச்சல்குளம் எழுதியது:

எல்லோரும் ஃபுட்பாலையே பேசுகிறீர்கள், எங்களையும் கொஞ்சம் பாருங்கள். என் மகள் கல்லூரியில் நீந்துகிறாள். 2025 ஜூன் 6ஆம் தேதி ஒப்புதலான, என்சிஏஏயோடு போட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் இருக்கும் "ஹவுஸ்" யார்? கிராண்ட் ஹவுஸ், அரிசோனா ஸ்டேட்டில் நீந்தியவர். ஒரு நீச்சல்காரர் பேரில் வந்த வழக்கு. 2016இலிருந்து ஆடியவர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர் பாக்கி தர வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு ஃபுட்பாலுக்கு. இனிமேல் ஒவ்வொரு கல்லூரியும் நேரடியாகப் பகிரலாம், 2025-26க்கு அதன் வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர், அதிலும் ஏறக்குறைய அதே விகிதத்தைத்தான் பெரிய கல்லூரிகள் பின்பற்றுகின்றன. நீச்சலுக்குக் கிடைத்தது ஆள் எண்ணிக்கையில் உச்சவரம்பு. அவளோடு சேர்ந்த இரண்டு தோழிகளுக்கு இடம் போய்விட்டது. ஆட்டத் தகுதி இருக்கிறது, மூச்சைப் பிடித்துப் பயிற்சி செய்தார்கள், அணியில் இடம்தான் இல்லை.

1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்து, பெண்களுக்குச் சமமாகச் செய் என்று சொன்னது. பாக்கிப் பணம் பிரித்த விதத்தை எதிர்த்துப் பெண்கள் மேல்முறையீட்டுக்குப் போனது சரி என்றே நான் நினைக்கிறேன். ஃபுட்பால்காரருக்குக் காசு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் குளத்தை மூடிவிட்டுக் கொடுக்காதீர்கள்.


தாமிரபரணி எழுதியது:

நீச்சல்குளம் அக்கா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் குளத்தை மூடுவது ஃபுட்பால் பையனின் சம்பளம் இல்லை. டெக்சஸ் ஏ&எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப மட்டும் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. இனிமேல் வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகை அது. பிக் டென் கூட்டமைப்பு 2022இல் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். பிளேஆஃபுக்கு மட்டும் ஈஎஸ்பிஎன் ஆறு வருஷத்துக்கு 780 கோடி டாலர். அந்தக் காசு வந்தபோது எத்தனை புதுக் குளம் கட்டினார்கள்? கோச் சம்பளமும் லாக்கர் அறைப் பளிங்கும்தான் ஏறின. இப்போது ஆடுகிறவர்களுக்கு ஒரு பங்கு போகிறது என்றதும் டென்னசி பல்கலைக்கழகம் டிக்கெட்டில் பத்து சதவீதம் "திறமைக் கட்டணம்" என்று சேர்த்து ரசிகர் தலையில் வைத்தது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அந்த 2 கோடி சொச்சம் எப்படி வந்தது? பெரிய கூட்டமைப்புக் கல்லூரிகளின் சில வருமான வகைகளை எடுத்து, சராசரி பார்த்து, அதில் 22 சதவீதம். என்எஃப்எல்லில் சங்கம் பேரம் பேசி வாங்கியது 48 சதவீதத்துக்குச் சற்று மேல். அங்கே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள், இங்கே வழக்கறிஞர்கள் சமரசம் செய்து நீதிபதி கையெழுத்துப் போட்டார். வித்தியாசம் அதுதான்.

நாஷ்வில் சார், உங்கள் மகன் விஷயம் மனதைப் பிசைகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2025இல் மேல் டிவிஷனில் 136 அணிகள், அணிக்கு 105 பேர் என்றால் பதினாலாயிரம் பேர். 2025 டிராஃப்டில் என்எஃப்எல் அணிகள் தேர்ந்து எடுத்தது 257 பேர். மீதிப் பேரில் பெரும்பாலானோருக்குக் கல்லூரியில் கடைசி சனிக்கிழமைதான் ஆட்ட வாழ்க்கையின் கடைசி நாள். என்எஃப்எல்லில் புதிதாகச் சேர்ந்து அணியில் நிற்கிறவருக்கு 2025இல் குறைந்தபட்சம் 8,40,000 டாலர், பெரிய கல்லூரியில் ஆடும் நல்ல குவார்ட்டர்பேக் அதைவிட அதிகம் வாங்குகிறார். அவர் ஏன் கிளம்புவார்?

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இளநிலை வகுப்புக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். லைன்மேன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான், கணக்கில் நல்ல கூர்மை, எஞ்சினியரிங் படிக்க ஆசை. லேப் எல்லாம் மத்தியானம், பயிற்சியும் மத்தியானம். ஆலோசகர் வேறு பாடத்துக்கு மாற்றிவிட்டார், அவன் என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனான். மூன்றாவது வருஷம் முழங்கால் போயிற்று. அப்போது என்ஐஎல்லும் இல்லை, சம்பளமும் இல்லை. "உதவித்தொகையில் படிப்பு கிடைக்கிறதே, அது போதாதா" என்று யார் சொன்னாலும் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும். அவன் கேட்ட படிப்பு அவனுக்குக் கிடைக்கவே இல்லை.


வழக்குமன்றம் எழுதியது:

தாமிரபரணி, மேசை மேசை என்கிறீர்கள், அந்த மேசையை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். 2014இல் நார்த்வெஸ்டர்ன் ஆட்டக்காரர்கள் சங்கம் வைக்க ஓட்டே போட்டார்கள். ஓட்டுப்பெட்டியை மூடி வைத்துவிட்டு, 2015 ஆகஸ்டில் தேசியத் தொழிலாளர் வாரியம் இதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. ஓட்டுகளை எண்ணவே இல்லை. நார்த்வெஸ்டர்ன் தனியார் கல்லூரி, அதனால் அங்காவது அந்த வாரியம் வரும். பெரிய ஃபுட்பால் கல்லூரிகளில் பெரும்பாலானவை மாநில அரசின் பல்கலைக்கழகங்கள், அவை மாநிலச் சட்டத்துக்குக் கீழே. வட கரோலினாவில் அரசு ஊழியர் கூட்டுப்பேரத்தையே சட்டம் தடை செய்கிறது. டெக்சஸில் போலீஸ், தீயணைப்பு போன்ற சிலருக்குத்தான் அனுமதி. அப்படியிருக்க, டெக்சஸ் பையனும் மிச்சிகன் பையனும் ஒரே சங்கத்தில் எப்படிச் சேருவது?

2024 ஜூலையில் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு மன்றம் ஜான்சன் வழக்கில், கல்லூரி ஆட்டக்காரர் ஊழியராக இருக்க முடியாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது என்றது. அது ஒரு சின்ன ஜன்னல். என்சிஏஏ இன்னொரு கதவைத் தட்டுகிறது, வாஷிங்டனில் காங்கிரஸிடம் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்கிறது, ஆட்டக்காரர் ஊழியர் இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிடச் சொல்கிறது. அது நடந்தால் நான்கு சீசனோ ஐந்து சீசனோ, அவர்கள் போட்டதுதான் கணக்கு.


தாமிரபரணி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், மாநிலச் சட்டம் பெரிய மலை. அதைத் தாண்டக் காங்கிரஸ்தான் வேண்டும் என்றால், காங்கிரஸிடம் விலக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும், ஆட்டக்காரர்களுக்குச் சங்க உரிமையையும் சேர்த்துக் கேட்கலாமே. "ஐந்து வருஷம், ஐந்து சீசன், ரெட்ஷர்ட் கிடையாது" என்று ஒரு யோசனை ஓடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, எளிமையானது, நாஷ்வில் சார் சொன்ன அடுத்த பந்தியும் நேரத்துக்கு உட்காரும். ஆட்டக்காரர் கையெழுத்தும் அதில் இருந்தால் நாளைக்கு யாரும் கோர்ட்டுக்கு ஓட மாட்டார்கள்.


மதுரைமல்லி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன், வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். மெல்பர்ன் பக்கமிருந்து பண்டர்கள் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு அனுப்புகிறவர்கள்) நிறையப் பேர் வருகிறார்களாமே, அவர்களும் நம்மைப் போல எஃப்-1 விசாவா? அவர்களுக்கும் சம்பளம் உண்டா?


வழக்குமன்றம் எழுதியது:

அவர்களும் எஃப்-1தான். அந்த விசாவில் வேலை செய்ய எவ்வளவு கட்டுப்பாடு என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கூட ஆடும் பையன் விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்குவான், இவன் இங்கே அதே விளம்பரத்தில் நடித்தால் விசாவுக்கே ஆபத்து. சொந்த ஊருக்குப் போயிருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள். கல்லூரி நேரடியாகக் கொடுக்கும் பங்கு இன்னும் சிக்கல். ஊழியர் இல்லை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, விசா என்று வந்தால் மட்டும் இது வேலை மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டிய நிலை.


நாஷ்வில்_அப்பா எழுதியது:

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தாமிரபரணி சார், உங்கள் லைன்மேன் பையன் கதையை மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, அந்த ஆறாவது வருஷக் கிக்கர் மேல எனக்குக் கோபம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஆடுவேன்" என்றான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து கோச் கூப்பிட்டார், மூன்றாம் டிவிஷன். ஆட்டத்துக்கு உதவித்தொகை கிடையாது, படிப்பு மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் கிடைக்கும். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம். ஒன்று தெரிய வேண்டும். அங்கே இரண்டு வருஷம் ஆடிவிட்டுப் பிறகு முதல் டிவிஷனுக்கு மாறினால், அந்த இரண்டு வருஷமும் கணக்கில் சேருமா?


வழக்குமன்றம் எழுதியது:

சேரும் சார். இன்றைய விதிப்படி அவன் முழுநேர மாணவனாகச் சேரும் நாளிலேயே முதல் டிவிஷனுக்கான ஐந்து வருஷக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும், அங்கே ஆடும் சீசனும் நான்கில் கழியும். ஃபோர்க்கரன் தோற்றது கிட்டத்தட்ட இதே கேள்வியில்தான். சனிக்கிழமை போகும்போது முதல் வருஷம் ஆட வைப்பார்களா, உட்கார வைப்பார்களா என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.